எழுத்தைச் சுற்றிப் புகை: வினைலில் மட்டும் ஓவர்ஸ்பிரே ஏன்?

கேள்வி: சேலத்தில் சின்னதாக ஒரு பிரின்டிங் கடை வைத்திருக்கிறேன். 6 அடி ஈகோ சால்வென்ட் மெஷின் (கரைப்பான் மையில் பேனர், ஸ்டிக்கர் அடிக்கும் பிரின்டர்). இரண்டு மாதமாக வினைலில் (பின்னால் லைனர் தாள் ஒட்டிய ஸ்டிக்கர் ஷீட்) அடித்தால் எழுத்தின் ஓரத்தில் புகை படிந்த மாதிரி மை தெளிக்கிறது. வெள்ளையில் கறுப்பு எழுத்து என்றால் சொல்லவே வேண்டாம். ஃபிளெக்ஸில் அவ்வளவாகத் தெரியவில்லை. நாசில் (மை வரும் நுண்துளை) டெஸ்ட் சுத்தமாகவே வருகிறது. மெக்கானிக் ஹெட்டை (மை தெளிக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார். தூசி வராமல் அறையை அடைத்து ஏசி போட்ட பிறகுதான் இது ஆரம்பித்ததோ என்று ஒரு சந்தேகம். என்ன செய்யலாம்?

பதில்: ஹெட்டுக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் சந்தேகம்தான் எனக்கும் சரியாகப் படுகிறது. ஹெட் கெட்டிருந்தால் வினைல், ஃபிளெக்ஸ் என்று பார்த்துப் பார்த்துத் தெளிக்காது. ஆனால் ஃபிளெக்ஸை நாம் பத்தடி தள்ளி நின்றுதான் பார்க்கிறோம், அதில் இருக்கும் தெளிப்பு கண்ணில் படாமலும் போயிருக்கலாம். அதனால் ஒரே ஃபைலை, ஒரே பாஸ் எண்ணிக்கையில் (ஹெட் ஒரு இடத்தை எத்தனை முறை கடக்கிறது என்பது), இரண்டிலும் அடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். பத்து மடங்கு பெருக்கும் சாதாரண லென்ஸ் போதும்.

அந்த ஃபைலில் சின்ன எழுத்துகளும், செங்குத்தான மெல்லிய கோடுகளும், நான்கு நிறத்திலும் தனித்தனியாக இருக்கட்டும். பை-டைரக்‌ஷனை (போகும்போதும் வரும்போதும் அடிக்கும் முறையை) அணைத்துவிட்டு, முதலில் இடமிருந்து வலமாக மட்டும், அப்புறம் வலமிருந்து இடமாக மட்டும் அடியுங்கள். தெளிப்பு எந்தப் பக்கம் விழுகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

கோட்டின் ஒரு பக்கம் மட்டும் புள்ளிகள் விழுந்து, திசையை மாற்றினால் அதுவும் பக்கம் மாறினால், அது ஹெட் உயரம் அல்லது வேகத்தின் வேலை. நாசிலிலிருந்து மை ஒரே உருண்டையாக வருவதில்லை. பின்னால் ஒரு வால் இழுத்து, அது அறுந்து, குட்டித் துளிகளாகும். பெரிய துளி விநாடிக்கு 7 மீட்டர் வேகத்திலும் குட்டித்துளி 4 மீட்டர் வேகத்திலும் இறங்குகிறது, ஹெட்டைச் சுமக்கும் கேரியேஜ் விநாடிக்கு 1 மீட்டர் ஓடுகிறது என்று கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஹெட்டுக்கும் மீடியாவுக்கும் (அடிக்கிற வினைல் அல்லது ஃபிளெக்ஸ்) நடுவே 2 மில்லிமீட்டர் இடைவெளி என்றால் குட்டித்துளி 0.2 மில்லிமீட்டர் தள்ளி விழும். இடைவெளி 4 மில்லிமீட்டர் ஆனால் 0.4. காற்றின் தடையையும் சேர்த்தால் இன்னும் கூடும், ஏனென்றால் சின்னத் துளியின் வேகம்தான் சீக்கிரம் குறையும். ஃபிளெக்ஸ் சுருக்கத்தில் ஹெட் உரசிவிடும் என்ற பயத்தில் நிறையக் கடைகளில் ஹெட்டை ஏற்றி வைத்து, அப்படியே மறந்துவிடுகிறார்கள். வினைலுக்கு 2 மில்லிமீட்டருக்குள் இறக்கலாம். உங்கள் மெஷினின் கையேட்டில் உள்ள அளவே முதல் கணக்கு. இறக்கிய பிறகு பை-டைரக்‌ஷன் காலிபரேஷனை (இரண்டு திசைக் கோடுகளையும் ஒன்றாகப் பொருத்துவதை) மறுபடி செய்யாவிட்டால் கோடு இரட்டையாகத் தெரியும், அதையும் ஓவர்ஸ்பிரே என்று நினைத்துக் குழம்புவீர்கள்.

எந்தத் திசையில் அடித்தாலும் இரண்டு பக்கமும் மெல்லிய மயிர் மாதிரி இழைகளோ, ஒழுங்கில்லாத மூட்டமோ தெரிந்தால் அது ஸ்டாட்டிக், அதாவது உரசலில் தங்கும் மின்னேற்றம். உங்கள் விஷயத்தில் இதுதான் என்று நினைக்கிறேன். சுருள் பிரியும்போது வினைலின் முகமும் அடுத்த சுற்றின் லைனர் முதுகும் உரசிப் பிரிகின்றன. அந்த இடத்தில் மின்னேற்றம் தங்கிவிடும். காற்றில் ஈரம் இருந்தால் மெல்ல வடிந்துபோகும். ஏசி அந்த ஈரத்தைத்தான் குழாய் வழியாக வெளியே சொட்ட விடுகிறது. போதாததற்குப் பிளாட்டனின் (மீடியா படிந்து நகரும் தட்டு) ஹீட்டர் வேறு மீடியாவைக் காய வைக்கிறது. 4 பிகோலிட்டர் துளி ஒன்றின் குறுக்களவு சுமார் 20 மைக்ரான், அதாவது 0.02 மில்லிமீட்டர். குட்டித்துளி அதைவிடச் சின்னது. மின்னேற்றம் உள்ள பரப்பின் மேல் அது நேராக இறங்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

உறுதி செய்ய ஒரு சுலபமான வழி உண்டு. ஹீட்டரை அணைத்து ஆற விடுங்கள். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் தொட்டு, வினைலின் பாதி அகலத்தை மட்டும் துடைத்துக் காய விட்டு, உடனே அந்த ஃபைலை முழு அகலத்துக்கும் அடியுங்கள். துடைத்த பாதி சுத்தமாகவும் துடைக்காத பாதி புகையாகவும் வந்தால் வேறு சாட்சி தேவையில்லை. இதைத் தினசரி வைத்தியமாக்கிவிடாதீர்கள், சீக்கிரம் தீப்பற்றும் திரவம் அது.

நிரந்தர வைத்தியத்துக்கு முதலில் சில நூறு ரூபாயில் ஒரு ஈரப்பதமானி வாங்கி மெஷின் பக்கத்தில் மாட்டுங்கள். 40 முதல் 60 சதவீதம் வரை இருக்க வேண்டும். ஏசியை 18-இல் ஓட்டுகிற பழக்கம் இருந்தால் 25-க்கு ஏற்றுங்கள். மையும் குளிரில் கெட்டிப்படாமல் இருக்கும். அப்படியும் ஈரப்பதம் ஏறவில்லை என்றால் ஒரு ஹியுமிடிஃபையர் வையுங்கள், நீராவி மெஷின் மேல் நேராகப் படாமல். புது ரோலைப் பிரித்தவுடன் ஏற்றாமல் ஒரு நாள் அதே அறையில் கிடக்க விடுங்கள்.

அடுத்தது எர்த். பெரும்பாலான கடைகளில் இதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. மல்டிமீட்டரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மெஷின் ஓடும்போது இரண்டு மூன்று வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் குழியைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் மெஷின் உடம்பிலிருந்து ரோல் மாட்டும் தண்டு வரை தொடர்ச்சி இருக்கிறதா என்றும் சோதியுங்கள். தண்டின் பெயின்ட் மேல் வயரைச் சுற்றி வைத்துவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்பவர்கள் உண்டு! பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் இணைக்க வேண்டும். இதற்கும் மேல் வேண்டுமென்றால், மீடியா பிளாட்டனுக்கு வரும் முன் அதன் அகலம் முழுக்க ஆன்டி-ஸ்டாட்டிக் செம்புச் சரிகைக் கயிறு ஒன்றைக் கட்டி எர்த்தில் சேர்க்கலாம். அயனைசர் பார் (காற்றை அயனியாக்கி மின்னேற்றத்தை நீக்கும் கருவி) இதைவிட நன்றாக வேலை செய்யும், ஆனால் விலை அதிகம். சால்வென்ட் ஆவி உள்ள இடம் என்பதால் கண்ட பாரையும் மாட்டாமல், மெஷின் விற்றவரிடம் கேட்டு வாங்குங்கள்.

காற்றை மறந்துவிடாதீர்கள். பிரின்ட் காய வேண்டும் என்று பெடஸ்டல் ஃபேனைக் கேரியேஜுக்கு நேராகத் திருப்பி வைத்திருக்கிறீர்களா? துளி இறங்கும் வழியில் காற்று புகுந்தால் புகைதான் மிஞ்சும். ஃபேனைக் கீழே, சுருட்டும் பக்கமாகத் தள்ளுங்கள். சீலிங் ஃபேன், ஏசியின் நேர்க்காற்று இரண்டுக்கும் இதே கதைதான். அதற்காக அறையை ஒரேயடியாக மூடிவிடவும் கூடாது, ஆவி வெளியேற எக்ஸாஸ்ட் ஓட வேண்டும். மீடியாவின் இரண்டு ஓரத்தில் மட்டும் தெளிப்பு என்றால், மீடியாவைப் பிளாட்டனோடு உறிஞ்சிப் பிடிக்கும் வாக்யூமைப் பாருங்கள்: மீடியா மூடாத துளைகள் காற்றை இழுத்து ஓரத்துத் துளிகளையும் கூடவே இழுக்கும். அந்தத் துளைகளைப் பேப்பர் டேப்பால் மூடி, உறிஞ்சும் வேகத்தையும் குறையுங்கள்.

புகை படிந்த மெஷினில் என்கோடர் ஸ்டிரிப்பும் (கேரியேஜ் எங்கே இருக்கிறது என்று மெஷின் அறிய உதவும் கோடு போட்ட பட்டை) அழுக்காகியிருக்கும். அதை ஆல்கஹால் தொட்ட மென்துணியால் மட்டும் துடையுங்கள். கிளீனிங் சால்வென்ட் பட்டால் அதன் கோடுகள் அழியலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரே ஒரு நிறத்தில் மட்டும் தெளிப்பு தொடர்ந்தால், அப்போதுதான் ஹெட் பக்கம் வர வேண்டும். அதிலும் முதலில் ஹெட்டின் அடியோரத்தில் பஞ்சிழையோ காய்ந்த மையோ தொங்குகிறதா, ஹெட்டைத் துடைக்கும் வைப்பர் தேய்ந்திருக்கிறதா, மை சொட்டாமல் பிடித்துவைக்கும் நெகட்டிவ் பிரஷர் குறைந்து அடிப்பரப்பு எப்போதும் மையில் நனைந்தே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். யாராவது ஹெட்டின் வோல்டேஜை ஏற்றியிருந்தால் பழைய அளவுக்குத் திருப்புங்கள். ஏற்றினால் நிறம் கூடும், குட்டித்துளிகளும் கூடும். இதெல்லாம் சரியாக இருந்தும் அந்த நிறம் இரண்டு திசையிலும் தெளித்தால், அந்த டெஸ்ட் பிரின்ட்களை மெக்கானிக்கிடம் காட்டி ஹெட் விலை பேசலாம்.