சதுர அடியை மட்டும் நம்பி நேரம் சொல்லாதீர்கள்

6000 சதுர அடி அலுவலகத்தைச் சுத்தம் செய்ய இரண்டு பேர், மூன்று மணி நேரம் என்று கொட்டேஷன் கொடுத்தேன், இப்போது ஐந்து மணி நேரம் இழுக்கிறது என்கிறீர்கள். தப்பு சதுர அடிக் கணக்கில்தான். வெறும் ஹாலில் மாப் போடுகிற வேகம், நாற்காலியும் ஒயரும் அடைத்த கேபினில் வராது. அப்புறம் கழிவறை; அதைத் தரைக் கணக்கில் சேர்க்கவே கூடாது, ஒவ்வொரு கோப்பைக்கும் வாஷ்பேசினுக்கும் தனியாக நிமிடம் போடுங்கள், லிக்விட் ஊற்றினால் ஊறவே பத்து நிமிடம் விட வேண்டும், அதற்குள் கண்ணாடியைத் துடைத்துவிடலாம். நாளைக்கே ஒரு வரிசை மேஜையையும் ஒரு கழிவறையையும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்து பாருங்கள். தண்ணீர் பிடிக்க நடப்பது, குப்பையைக் கீழே இறக்குவது எல்லாம் நேரம்தான். பழைய கறை எடுக்கிற முதல் நாளுக்குத் தனி ரேட் கேளுங்கள். முதலில் அந்த இருவருக்கும் கூடுதல் இரண்டு மணி நேரக் கூலியைக் கொடுத்துவிடுங்கள்.