ரைசினா குன்று மாதிரியில் குவிமாடம் மறைவது பற்றி

களுவாஞ்சிகுடியிலிருந்து எழுதிய தம்பிக்கு,

பாடசாலைக் கண்காட்சிக்காக ரிஜிபோமில் செய்த புதுடில்லி மாதிரியில், கீழ்ச் சதுக்கத்தோடு கண்ணை ஒட்டிப் பார்த்தால் ரைசினா குன்றின் மேலுள்ள வைசிராய் மாளிகை (இன்றைய இந்திய ஜனாதிபதி மாளிகை) சரிவின் பின்னால் மறைவதால் குன்றின் உயரத்தைக் குறைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். குறைக்க வேண்டாம், உண்மையான இடத்திலும் அங்கிருந்து மாளிகையின் பெரும்பகுதி மறைந்தே போகிறது.

1911 டிசம்பரில் தலைநகர் கல்கத்தாவிலிருந்து டில்லிக்கு மாறுமென ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் அறிவித்தபின், மாளிகையை எட்வின் லட்யன்ஸ் என்ற கட்டடக்கலைஞரும், அதன் முன்னாலுள்ள இரு அரச செயலகக் கட்டடங்களை ஹேர்பர்ட் பேக்கர் என்ற கட்டடக்கலைஞரும் வடிவமைத்தனர். செயலகங்களும் குன்றின் உச்சியிலேயே அமையவேண்டுமென்ற பேக்கரின் விருப்பம் ஏற்கப்பட்டதால் மாளிகை மேற்கே பின்தள்ளப்பட்டது. இடையே ஏறும் வீதி பார்வையை மறைப்பதைப் பின்னர் உணர்ந்த லட்யன்ஸ், சரிவைத் தணிக்குமாறு ஆண்டுக்கணக்கில் வாதாடியும் பலிக்கவில்லை. ஆனால் அந்தச் சரிவுக்கு அவரும் முன்னரே சம்மதித்திருந்தார் என்பதால், பேக்கரை மட்டும் குறைகூறுவது நியாயமல்ல என்பதே என் எண்ணம்.

திருத்தவேண்டியது நிறத்தைத்தான். முழுவதும் வெள்ளையாக விடாமல், அடித்தளத்துக்குச் செம்மணற்கல் நிறமும் மேற்சுவருக்கு இளமஞ்சள் வெண்மையும் பூசுங்கள். குவிமாடம் செப்புத்தகடு வேய்ந்தது, அதன் கழுத்தைச் சுற்றிச் சாஞ்சியிலுள்ள பழைய பௌத்தத் தூபியின் வேலியை ஒத்த கோலம் உண்டு. சுவரிலிருந்து நன்றாக வெளியே நீளும் கல் இறவாரத்தைப் பிறிஸ்டல் போட் கீற்றால் ஒட்டி, மாதிரியை யன்னலோரம் வைத்தால், அதன் நிழல் சுவரில் அழுத்தமாக விழும்.