மூன்று வருட எஸ்எஸ்எல்லுக்கு 18,000 ரூபாயா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் பித்தளை விளக்கு, பூஜைச் சாமான் கடை வைத்திருக்கிறோம். வெப்சைட்டிலும் ஆர்டர் எடுக்கிறோம். சைட் செய்துகொடுத்தவர், "குரோமில் புது ரூல் வருகிறது, எஸ்எஸ்எல் இல்லாத சைட்டை எல்லாம் 2026 அக்டோபரில் மூடிவிடுவார்கள். மூன்று வருடத்துக்குப் பிரீமியம் சர்டிஃபிகேட் போட்டுவிடலாம். முகவரிப் பட்டையில் பச்சையாகக் கடைப் பெயர் வரும். 18,000 ரூபாய்" என்கிறார். தீபாவளி ஆர்டர் வரும் நேரம் அது. கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை ஒன்று இருக்கிறது. மீதி, காலாவதியான சரக்கு.

பாதி உண்மை இதுதான். எஸ்எஸ்எல் என்பது சைட்டுக்குப் போடும் ஒரு பாதுகாப்புச் சான்றிதழ். அது இருந்தால் சைட் முகவரி ‘எச்டிடிபிஎஸ்’ (https) என்று தொடங்கும், வாடிக்கையாளர் போனிலிருந்து உங்கள் சைட்டுக்குப் போகிற விவரத்தை நடுவில் யாரும் படிக்கவோ மாற்றவோ முடியாது. கடைசி ‘எஸ்’ இல்லாத சைட்டுகளை ‘பாதுகாப்பற்றது’ என்று குரோம் 2018 ஜூலையிலிருந்தே காட்டி வருகிறது. அடுத்த கட்டமாக, 2026 அக்டோபரில் 154-ஆம் பதிப்பு வரும்போது, அப்படிப்பட்ட பொதுச் சைட்டுக்குள் முதல்முறை நுழைகிறவரிடம் ‘போகட்டுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கப்போவதாகக் கூகுள் அறிவித்திருக்கிறது. மூடவில்லை, கேட்கிறது. ஆனாலும் விளக்கு வாங்க வந்த மாமி அந்த எச்சரிக்கையைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார். ஆகவே எஸ்எஸ்எல் வேண்டும். 18,000 ரூபாய்தான் வேண்டாம்.

பச்சைப் பட்டை கதையை இன்னும் எத்தனை வருடம் விற்பார்களோ! முகவரிப் பட்டையில் நிறுவனத்தின் பெயரைக் காட்டுவதைக் குரோம் 2019 செப்டம்பரிலும் ஃபயர்ஃபாக்ஸ் அதற்கடுத்த மாதமும் நிறுத்திவிட்டன. பூட்டுப் படத்தைக்கூட 2023-ல் குரோம் எடுத்துவிட்டது.

மூன்று வருடம் என்பதும் அப்படித்தான். 2020 செப்டம்பரிலிருந்து எந்தச் சான்றிதழும் 398 நாளுக்கு மேல் செல்லாது. 2026 மார்ச் 15 முதல் அது 200 நாள். 2027 மார்ச்சில் 100, 2029 மார்ச்சில் 47. காசு எவ்வளவு கொட்டினாலும் இதற்கு மேல் யாராலும் தர முடியாது. மூன்று வருடப் பணத்தை வாங்கிக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர் வந்து மாற்றித்தர வேண்டும். வருவாரா?

இவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகிற சமாச்சாரத்தைக் கையால் புதுப்பிக்கவே கூடாது, தானாக நடக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற லாபநோக்கற்ற அமைப்பு இதை இலவசமாகத் தருகிறது. உங்கள் சைட்டைத் தங்கள் கம்ப்யூட்டரில் வைத்து நடத்தும் ஹோஸ்டிங் கம்பெனிகள் பலவற்றின் பேனலில் ஒரு பட்டனைத் தட்டினால் போதும். அந்தப் பட்டனைச் சிலர் மூன்று மெனுவுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டு, காசு வாங்கும் சான்றிதழை மட்டும் கார்ட்டில் தாங்களே டிக் போட்டு வைப்பார்கள். பிரவுசர்காரர்கள் பங்குக்கு, மாற்றத்தை டெவலப்பர்களுக்கு மட்டும் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள். கடைக்காரருக்கு அதைச் சொல்ல வருபவர் கமிஷன்காரர்தான்.

ஒரு விதிவிலக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், அடுத்து அதற்கும் பில் நீட்டுவார்கள். கடையில் பில் போடும் மென்பொருளைப் பிரவுசரில் திறக்கிறீர்களா? முகவரி 192.168 என்று தொடங்கினால் அது உங்கள் கடை ஒயருக்குள்ளேயே ஓடுகிறது. புது எச்சரிக்கை அதற்கு வராது. செம்பூரில் ஒரு மருந்துக்கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த பில்லிங் கம்ப்யூட்டருக்கு 6,000 ரூபாய் ‘எஸ்எஸ்எல் சார்ஜ்’ வாங்கியிருந்தார்கள். பில்லை நானே பார்த்தேன். அந்த மாதிரி முகவரிக்குப் பொதுச் சான்றிதழ் கொடுக்கவே கூடாது என்பது விதி, அப்படியென்றால் என்னத்தை விற்றார்கள்? அதே மென்பொருளை வீட்டிலிருந்தும் பார்க்க வெளி முகவரி ஒன்று வாங்கியிருந்தால் சங்கதி வேறு. அது பொதுச் சைட், அதற்கு எஸ்எஸ்எல் வேண்டும். வீட்டிலிருந்து திறக்கிறதா என்பதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம்.

சரி, உங்கள் சைட்டைப் பார்ப்போம். கம்ப்யூட்டரில் குரோமில் திறந்து, முகவரிக்கு இடப்பக்கம் இரண்டு கோடும் இரண்டு வட்டமுமாக இருக்கும் குறியைத் தட்டுங்கள். இணைப்பு பாதுகாப்பானது என்று வந்தால் அதற்குள் போய்ச் சான்றிதழைத் திறங்கள். வழங்கிய தேதியும் முடியும் தேதியும் இருக்கும். இரண்டும் இருந்தால் உங்களுக்கு ஏற்கெனவே எஸ்எஸ்எல் இருக்கிறது, அவர் இருப்பதையே விற்கிறார். குறிக்குப் பதில் ‘பாதுகாப்பற்றது’ என்றிருந்தால், ஹோஸ்டிங் கம்பெனிக்கு நீங்களே போன் போட்டு இரண்டு கேளுங்கள்: இலவச எஸ்எஸ்எல்லைத் தானாகப் புதுப்பிக்கும்படி போட வேண்டும், ‘எஸ்’ இல்லாத பழைய முகவரியில் வருபவரை எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பிவிட வேண்டும்.

போன் போட்டதும் அவர்கள் கேட்கப்போவது அக்கவுண்ட் ஈமெயில். எனக்கு உண்மையான கவலை அங்கேதான். ஹோஸ்டிங்கும் டொமைன் என்கிற சைட்டின் பெயரும் உங்கள் ஈமெயிலில் இருக்கின்றனவா, சைட் செய்துகொடுத்தவருடையதிலா? சயானில் எனக்குத் தெரிந்த ஒரு ஜவுளிக்கடையில் சைட் செய்த பையன் துபாய்க்குப் போய்விட்டான். டொமைன் ரினியூவல் நினைவூட்டல் எல்லாம் அவனுடைய பழைய ஈமெயிலுக்குப் போனது. கணபதி பண்டிகைக்கு நான்கு நாள் முன்பு சைட் காணாமல்போனது. ஓடிபி கேட்டால் அவனுடைய பழைய நம்பருக்குப் போகிறது. எஸ்எஸ்எல் தவறினால் பத்து நிமிடத்தில் சரிசெய்யலாம். டொமைன் அடுத்தவர் பெயரில் இருந்தால் அவர் காலில் விழ வேண்டும். சைட் செய்துகொடுத்தவரோடு சண்டைக்குப் போகாமல், "அக்கவுண்டை எங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுங்கள்" என்று இந்த வாரமே கேட்டு வாங்குங்கள். மாற்றித்தர ஒரு கூலி கேட்டால் அதைக் கொடுக்கலாம்.

அப்புறம், சான்றிதழ் முடியும் தேதியைக் கடை காலண்டரில் குறித்து, அதற்கு ஒரு வாரம் முன்பு அதே குறியைத் தட்டிப் பாருங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் முன்பு அனுப்பிவந்த நினைவூட்டல் ஈமெயிலை 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. தேதி தானாகத் தள்ளிப்போயிருந்தால் வேலை நடக்கிறது. அதே பழைய தேதியே இருந்தால் ஹோஸ்டிங்காரருக்கு மறுபடி போன்.