டிசைன் தெரியாமல் கைவினைத் தொண்டு நிறுவனத்தில் கோடை இன்டர்ன்ஷிப் போகலாமா?

கேள்வி இது: "தருமபுரியில் பி.காம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கைவினைப் பொருட்கள் செய்து விற்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் கோடை விடுமுறைக்கு இன்டர்ன்ஷிப் கிடைக்கும் போலிருக்கிறது. அவர்கள் சம்பளம் தரமாட்டார்கள், கல்லூரி உதவித்தொகை தரும். எனக்கு டிசைன், தையல் எதுவும் வராது. போனால் பிரயோஜனம் உண்டா?"

போங்கள். தையல் வராதது ஒரு குறையே இல்லை. ஊசி பிடிக்கத் தெரிந்தவர்கள் அங்கே நிறைய பேர் இருக்கிறார்கள். கணக்குப் போடத்தான் ஆள் இல்லை.

நான் ஊத்தங்கரைக்காரி, நானும் பி.காம்தான். 2024 கோடையில் அரூரைத் தாண்டி மலையடிவாரத்தில், லம்பாடி இனப் பெண்கள் பூவேலை (கை எம்ப்ராய்டரி) செய்து விற்கும் ஒரு சின்ன இடத்துக்குப் போனேன். இந்தப் பக்கம் லம்பாடிப் பூவேலை என்றாலே சிட்லிங்கியில் இருக்கும் போர்கை அமைப்பைத்தான் சொல்வார்கள். 1990களில் டாக்டர் ரெஜியும் டாக்டர் லலிதாவும் அந்தப் பள்ளத்தாக்கில் மலைவாழ் மக்களுக்கென்று மருத்துவமனை தொடங்கினார்கள். அந்த வேலையின் தொடர்ச்சியாக வந்ததுதான் போர்கை. தாண்டா எனப்படும் லம்பாடிக் குடியிருப்புகளில் வயதான சில பெண்களிடம் மட்டும் மிஞ்சியிருந்த பூவேலையை அடுத்த தலைமுறையின் கைக்குக் கொண்டுவந்தவர்கள். நான் போனது அங்கே இல்லை, அதைவிட ரொம்பச் சிறியது. பெயர் இங்கே வேண்டாம்.

முதலில் பண விஷயம், ஏனென்றால் கேள்வியில் லேசாக ஒரு தயக்கம் தெரிகிறது. "சம்பளம் தராத இடம்" என்றால் நம்மை ஓசியில் வேலை வாங்குகிறார்களோ என்று தோன்றும். கம்பெனியாக இருந்தால் அந்தச் சந்தேகம் சரிதான். இங்கே கணக்கு வேறு. இப்படிப்பட்ட இடத்தில் வருகிற காசு இரண்டே வழி: யாராவது நன்கொடை தர வேண்டும், இல்லையென்றால் பை விற்க வேண்டும். உங்களுக்கு மாதம் சில ஆயிரம் அவர்கள் தந்தால், அது பை தைத்தவரின் கூலியிலிருந்துதான் வரும். அதனால் வெளியிலிருந்து உதவித்தொகை வருவதுதான் எல்லோருக்கும் நல்லது. எங்கள் கல்லூரியில் முன்னாள் மாணவர்கள் சேர்ந்து வைத்திருந்த ஒரு நிதியிலிருந்து தந்தார்கள். அந்தப் பணம் இல்லாவிட்டால் எங்கள் வீட்டில் என்னை அனுப்பியிருக்கவே மாட்டார்கள். கோடை விடுமுறை என்றால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஓசூர் கம்பெனிதான், அல்லது மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் சீசன் வேலை. அந்தக் கூலியை விட்டுவிட்டுப் போகிறோம் என்றால் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

ஒன்று மட்டும் எச்சரிக்கை. உதவித்தொகை தவணையாக வரும், தவணை தாமதமாக வரும். ஏற்புக் கடிதம், துறைத் தலைவர் கையெழுத்து, வங்கிப் புத்தக நகல் என்று எல்லாம் சுற்றி வந்து எனக்கு முதல் தவணை கிடைத்தபோது பாதி விடுமுறை ஓடிவிட்டது. பஸ்ஸுக்கும் கைச்செலவுக்கும் தனியாகக் கொஞ்சம் எடுத்து வையுங்கள். நீங்கள் பெண்ணாக இருந்து அரசுப் பள்ளியில் படித்தவராகவும் இருந்தால் புதுமைப் பெண் ஆயிரம் ரூபாய் மாதாமாதம் வரும், எனக்கு அதுதான் கை கொடுத்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் இருக்கிறது. பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தையும் இதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். 2024 அக்டோபரில் தொடங்கியபோது அந்தத் திட்டம் பெரிய கம்பெனிகளில் ஒரு வருடம் பயிற்சி தருவதாக இருந்தது, 21 வயதிலிருந்து 24க்குள், முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு. கல்லூரி நடுவில் இருந்தவர்களுக்கு அது ஆகவில்லை, இப்போதைய விதியை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வேலை என்ன?

முதல் நாள் கையில் ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். யார் எந்த உருப்படி எடுத்துப் போனார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள், எவ்வளவு கூலி என்று அதில் இருந்தது. விலை எப்படி வைக்கிறீர்கள் என்று பொறுப்பாளர் அக்காவிடம் கேட்டேன். "போன வருஷம் வச்சதுல கொஞ்சம் ஏத்திக்குவோம்" என்றார். அந்த விடுமுறை முழுக்க நான் செய்தது அந்த ஒரு கேள்விக்கான வேலைதான்.

விலை போட வேண்டுமென்றால் ஒரு உருப்படிக்கு எத்தனை மணி நேரம் ஆகிறது என்று தெரிய வேண்டும். அது யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் உட்கார்ந்து ஒரே மூச்சாகத் தைப்பதில்லை. உலை கொதிக்கும்போது கொஞ்சம், ஆடு மேயும்போது கொஞ்சம், சீரியல் பார்த்துக்கொண்டே கொஞ்சம். "எத்தனை நேரம் ஆச்சுக்கா?" என்றால் "நாலு நாள்" என்பார்கள். அந்த நாலு நாளில் களை எடுத்ததும் உண்டு, கல்யாணத்துக்குப் போனதும் உண்டு. கடைசியில் ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, துணியில் எத்தனை விரற்கடை (விரல் அகலம்) நிரம்புகிறது என்று அளந்தேன். அதை வைத்து முழுத் துணிக்கும் பெருக்கிக்கொள்ளலாம். கருநீலத் துணியில் கருப்பு நூல் என்றால் வேகம் பாதியாகக் குறைகிறது, சாயங்காலம் என்றால் இன்னும் குறைவு. ஆனால் இரண்டுக்கும் ஒரே கூலிதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்படி உட்கார்ந்தபோதுதான் வேலையைக் கிட்டத்தில் பார்த்தேன். துணியில் கோடு போடுவதில்லை, அச்சு கிடையாது. துணியின் இழையை எண்ணித்தான் ஊசி போகிறது. மூன்று இழை விட்டு ஒரு குத்து, அடுத்த வரிசையில் ஒன்று தள்ளி ஒரு குத்து. அப்படியே முக்கோணமும் கட்டமும் தானாக எழுந்து வருகின்றன. கண்ணாடிச் சில்லுக்கு ஓட்டை கிடையாது, பசையும் இல்லை. சில்லைத் துணியில் வைத்து, மேலே நூலைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்து ஒரு சட்டம் கட்டுகிறார்கள். பிறகு அந்தச் சட்ட நூலைப் பிடித்துப் பிடித்துச் சுற்றிலும் தைத்துக்கொண்டே போனால், நூல் விளிம்புக்கு ஒதுங்கி நடுவில் கண்ணாடி தெரிகிறது. முதல் சட்டம் கொஞ்சம் தொய்ந்தால் போதும், இரண்டு முறை துவைத்ததும் சில்லு கழன்றுவிடும். திரும்பி வருகிற பைகளில் முக்கால்வாசி இந்தக் கோளாறுதான். நோட்டில் அதற்கென்று ஒரு பத்தி புதிதாகப் போட்டோம்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு உதாரணத்துக்கு, முழுக்கப் பூவேலை செய்த குஷன் கவர் ஒன்றுக்குப் பத்து மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-25இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நாளொன்றுக்கு 319 ரூபாய் நிர்ணயித்திருந்தார்கள். எட்டு மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்குச் சுமார் 40. ஏரி வேலைக்குப் போனால் கிடைப்பதைவிடக் குறைவாகத் தந்தால் எந்தப் பெண் ஊசியை எடுப்பாள்? ஆக பூவேலைக் கூலி 400. துணி, நூல், கண்ணாடி, ஜிப் 120. டெய்லர் கூலி 40. துவைப்பு, இஸ்திரி, வீணானது எல்லாம் சேர்த்து 40. இதுவே 600 ஆகிவிட்டது. அலுவலகச் செலவு, பார்சல் ஒரு நூறு. 700 ரூபாய்க்குக் கொடுத்தால், சென்னையில் கடைக்காரர் வாடகை, ஆள் சம்பளம் பார்த்து இரட்டிப்பாக்கி 1,400க்கு வைப்பார். பக்கத்திலேயே மெஷின் எம்ப்ராய்டரி போட்டது 300க்குத் தொங்கும்.

இதைப் பலகையில் எழுதிக் காட்டியபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. பிறகு ஓரத்தில் மட்டும் பூவேலை வைத்து ஒரு கவர் செய்து பார்த்தோம். மூன்று மணி நேர வேலை, அடக்கம் பாதியாக இறங்கியது, ஆர்டரும் வந்தது. ஆனால் அங்கிருந்த ஒரு ஆயா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பூ வேலையா, துணிக்குக் கரை கட்டினதா?" என்று கேட்டுவிட்டார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஓரம் மட்டும் தைத்துக்கொண்டே போனால் பத்து வருடத்தில் நடுப்பகுதி யாருக்கும் தெரியாமல் போய்விடும். என் அபிப்பிராயம், இரண்டும் வேண்டும். ஓரவேலை மாதக் கூலிக்கு, முழுவேலை கண்காட்சிக்கு, விலையைக் குறைக்காமல். அந்த ஆயாவுக்கு ஓரவேலையே கொடுப்பதில்லை என்று பொறுப்பாளர் அக்கா முடிவு செய்தார்.

வணிகவியல் படிப்பவர் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். "விற்றால் பணம்" என்று சரக்கை வாங்கி வைக்கிற கடைகள் இருக்கின்றன. விற்ற பிறகும் இரண்டு மூன்று மாதம் இழுப்பார்கள். தைத்தவருக்கோ மாதக் கடைசியில் கூலி தந்தாக வேண்டும். நடைமுறை மூலதனம் என்று தேர்வுக்குப் படித்தது என்ன என்பது எனக்கு அங்கேதான் விளங்கியது. எந்தக் கடை எத்தனை நாளில் பணம் தருகிறது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதி ஒட்டினோம். லாபம் அதிகம் தரும் கடை ஒன்று அதில் கடைசி வரிசையில் நின்றது.

மற்ற வேலைகளும் இருந்தன. மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைக் கலைஞர் அடையாள அட்டைக்கு, பெஹசான் கார்டு என்பார்கள், விண்ணப்பம் போட உதவினேன். பாதிப் பேருக்கு ஆதாரில் இணைத்த போன் எண் எப்போதோ தொலைந்த சிம்மோடு போயிருந்தது. இ-சேவை மையத்தில் வரிசையில் நின்றதுதான் மிச்சம். ஆனால் கண்காட்சிகளில் அரசு ஸ்டால் கேட்க அந்த அட்டைதான் முதல் ஆதாரம், அதனால் விட முடியாது.

போட்டோவும் எடுக்கச் சொன்னார்கள். தைக்கிற பெண்களின் முகத்தைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டால் விற்பனை கூடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு அக்கா முந்தானையை இழுத்துக்கொண்டு, "என் மூஞ்சிய எதுக்கும்மா புடிக்கிற, விக்கறது பைதானே?" என்றார். அதன்பிறகு கையையும் துணியையும் மட்டும் எடுத்தேன், படம் நன்றாகவே வந்தது. நீங்களும் கேட்டுவிட்டு எடுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள்.

இடம் நல்ல இடமா என்று எப்படிப் பார்ப்பது? நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: போன வருடம் வந்த மாணவர் செய்த வேலை இப்போது என்ன ஆயிற்று? இன்டர்ன் வரும்போதெல்லாம் ஒரு இன்ஸ்டாகிராம் பக்கம் பிறக்கும். ஜூன் மாதம் ஒன்பது படம் ஏறும், ஜூலையில் அவர் கல்லூரிக்குத் திரும்பியதும் பாஸ்வேர்டும் கூடவே போய்விடும். நான் போன இடத்துக்கு அப்படி மூன்று பக்கங்கள் இருந்தன, மூன்றும் அநாதை. அதனால் நீங்கள் எதைத் தொடங்கினாலும், நீங்கள் போன பிறகு யார் செய்வார் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கணினியில் பெரிய அட்டவணை போடுவதைவிட அவர்கள் கையால் நிரப்பும் நோட்டில் ஒரு பத்தி கூட்டுவது மேல். நான் அளந்த விரற்கடைக் கணக்கு இன்றும் அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது.

தங்கும் இடம், கழிவறை, அவசரத்துக்கு வண்டி இதெல்லாம் முன்கூட்டியே கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். மலையடிவாரத்துக்குப் பஸ் குறைவு, கடைசிப் பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். சிக்னல் சில இடங்களில் சுத்தமாகக் கிடையாது, வீட்டில் அதைச் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் அம்மா பதறிப் போவார். சாப்பாடு களியும் கீரையும், சில நாள் சாமைச் சோறு. நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை.

வீட்டில் மலைப்பக்கம் வேண்டாம் என்றால் சென்னைப் பக்கம் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா இருக்கிறது. 1996இலிருந்து இயங்கும் கைவினை அருங்காட்சியகம், மாணவர்களைப் பயிற்சிக்கு எடுப்பார்கள். ஆனால் அங்கே தங்கும் செலவு கூடும், உதவித்தொகை அதிலேயே கரைந்துவிடும்.

விண்ணப்பத்தில் "எனக்குக் கைவினைக் கலைகள் மீது ஆர்வம்" என்று எழுதாதீர்கள், எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். உங்களுக்கு அடக்க விலை போடத் தெரியும், டாலி கணக்கு மென்பொருள் தெரியும், ஜிஎஸ்டி பில் போடத் தெரியும் என்று எழுதுங்கள். எனக்கு அப்படி எழுதிய கடிதத்துக்கு மறுநாளே பதில் வந்தது. ஏப்ரல் வரை காத்திருக்க வேண்டாம், பிப்ரவரியிலேயே அவர்களிடம் பேசி ஏற்புக் கடிதத்தை வாங்கிவிடுங்கள். கடிதம் இல்லாமல் கல்லூரி நிதிக் குழு உங்கள் பெயரைக்கூட எடுத்துக்கொள்ளாது. வேறு சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்கள், கணக்குத் தாளின் மாதிரி வேண்டுமென்றாலும் தருகிறேன்.