சங்காயாவின் பெயர்

அன்புள்ள ஐயா,

எங்கள் ஆயாவுக்கு 84 வயது. வீட்டுக்கும் தெருவுக்கும் அவர் 'சங்காயா'. பின்னி மில் சங்கு ஊதுவதற்கு முன்பே எழுந்து தெருவையே எழுப்பிவிடுவார், அதனால் வந்த பெயர் என்கிறார் பெரியப்பா. பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய்ச் சங்கில் பால் புகட்டுவார், அதனால்தான் என்கிறார் அத்தை. சங்குக் கழுத்தைப் பார்த்துத் தாத்தா வைத்த பெயர் என்று என் தம்பி புதிதாக ஒன்றைக் கிளப்பியிருக்கிறான். குடும்ப வாட்ஸப் குழுவில் சண்டையே நடக்கிறது. குடும்ப வரலாறு ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இதில் எதை எழுதுவது? பட்டப்பெயரைப் புத்தகத்தில் போடுவது மரியாதைக் குறைவாகுமா?

க., புளியந்தோப்பு

அன்புள்ள க.,

தாராளமாகப் போடுங்கள், மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. தம்பி சொல்வதை விட்டுவிடலாம்.

பெரியப்பா சொல்வதும் அத்தை சொல்வதும் உண்மையாக இருக்கலாம். பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு பக்கத்து மில் தொழிலாளர் வீடுகளில் சங்கை வைத்துத்தான் பொழுது கணக்கு. பின்னி மில் என்று நாம் சொல்லும் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1920இல் ஒன்றாக இணைந்தன, 1996இல் மூடப்பட்டன. அந்தச் சங்கைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பெயரின் காரணத்தை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கேட்காத பிள்ளைகள் வந்தபோது, ஆயாவின் கையில் இருந்த சின்னச் சங்கு அந்தப் பெயரை வாங்கிக்கொண்டிருக்கும். என் ஆயாவிடமும் ஒன்று இருந்தது. கால்களை நீட்டிப் போட்டு, அவற்றின் மேல் குழந்தையைக் கிடத்தி, வசம்பு உரைத்த பாலை அதன் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விடுவார். எத்தனையோ குழந்தைகளின் வாய் பட்டு அந்தச் சங்கின் மூக்கு மழுங்கிப் போயிருந்தது.

அது கிடக்கட்டும். உங்கள் கடிதத்தை இரண்டாவது முறை படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. ஆயாவின் வயது இருக்கிறது, பட்டப்பெயர் இருக்கிறது, அதற்கு மூன்று காரணங்கள் இருக்கின்றன. அவர் பெயர் எங்கே? குடும்ப வரலாறு எழுதுகிறவருக்கு அது நினைவுக்கே வரவில்லையா? இன்னொன்று: ஆயா உயிரோடு, உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவரை விட்டுவிட்டு வாட்ஸப்பில் சண்டை போடுகிறீர்கள், முன்பின் தெரியாத எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். ஒரு வார்த்தை அவரிடம் கேட்டால் என்ன?

எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் ஆயாவை எல்லோரும் 'ரங்கூனாயா' என்பார்கள். அவர் ரங்கூனைப் பார்த்ததே இல்லை. பார்த்தவர் அவருடைய அப்பாவைப் பெற்ற பாட்டி. 1941 டிசம்பரில் ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்ட பிறகு, காட்டிலும் மலையிலும் நடந்தே இந்தியாவுக்கு வந்து சேர்ந்தவர்களில் அவரும் ஒருவர். மறு வருடம் பிறந்த பேத்திக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அங்கேதான் சிக்கல். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையைத் திட்டவும் முடியாது, சோறுண்ணக் கூப்பிடவும் முடியாது. ஆகவே பெற்றவள் குழந்தையை 'ரங்கூன்' என்றே கூப்பிட்டாள். பாட்டியின் பெயருக்குக் காட்டிய மரியாதை, பேத்தியின் பெயரை மூடிவிட்டது. கல்யாணமாகிப் போன வீட்டிலும் அதுவே நிலைத்தது. ரேஷன் கார்டில் 'ரங்கூனம்மாள்' என்று ஏறியது, வாக்காளர் பட்டியலிலும் அப்படியே.

அவர் இறந்த அன்று கண்ணீர் அஞ்சலி சுவரொட்டியிலும் அதைத்தான் அச்சடித்தார்கள். பசை காயாத சுவரொட்டி வாசலில் இருக்கும்போது, காசிமேட்டிலிருந்து ஒரு மீன்காரம்மா வந்தார். ஆயாவோடு சின்ன வயதில் ஒரே தெருவில் விளையாடியவர். கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டு, உள்ளே வந்து ஆயாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லிச் சொல்லி ஒப்பாரி வைத்தார். என் மாமாக்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரைச் சொல்லி அழுகிறார் என்று பெற்ற பிள்ளைகளுக்கே தெரியவில்லை.

பெயரைச் சொல்லிக் கூப்பிடும் உரிமை உள்ளவர்கள் ஒவ்வொருவராகப் போய்விடுகிறார்கள், க. அப்பா, அம்மா, அண்ணன், சேர்ந்து விளையாடிய சிநேகிதி. மிஞ்சுகிறவர்களுக்கு அவர் அம்மா, அத்தை, ஆயா. பட்டப்பெயர் அன்பினால் வருவதுதான், எனக்கும் அது இனிக்கிறது. ஆனால் அது ஒன்றே மிஞ்சுமானால், அந்தப் பெண்ணின் முதல் பதினைந்து வருட வாழ்க்கை கைவிட்டுப் போய்விடும். அந்த வயதில் அவர் யாருக்கும் ஆயா இல்லை. எங்கள் ஆயாவின் பெயரை இப்போது என் தங்கை மகள் தாங்குகிறாள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்பதால் இங்கே எழுதவில்லை. வீட்டில் எல்லோரும் அவளை அந்தப் பெயராலேயே கூப்பிட வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கிறேன். தங்கை மாமியாருக்கு என்மேல் வருத்தம்தான். இருக்கட்டும்.

நீங்கள் இன்று மாலையே ஆயாவிடம் போங்கள். முதலில் அவர் பெயர், பிறகு அவருடைய அம்மாவின் பெயர், அந்த அம்மாவைப் பெற்றவளின் பெயர். சின்ன வயதில் அவரை யார் யார் எப்படிக் கூப்பிட்டார்கள் என்றும் கேளுங்கள். சங்கு விவகாரம் கடைசியில் இருக்கட்டும். ஆயாவுக்குக் காது மந்தம் என்று எனக்குப் பதில் எழுதாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து உரக்கக் கேளுங்கள்.