சபை இருப்பது சுவிசேஷம் அறிவிக்க மட்டும்தானா?

சுவிசேஷம் அறிவிப்பது ஒன்றுதான் சபையின் நோக்கம், ஆராதனை முதல் அன்னதானம் வரை மற்ற எல்லாம் அதற்குத் துணை என்று உங்கள் போதகர் சொல்கிறார், அது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் வாலிபர் சங்கத்தில் இருப்பவர், கைப்பிரதி கொடுக்கப் போகாமல் மனம் உறுத்திக்கொண்டிருப்பவர் என்று வைத்துக்கொள்கிறேன். மாதம் எத்தனை பேரைச் சந்தித்தீர்கள் என்று எழுதிக் கொடுக்கவும் சொல்லியிருப்பார்கள். எங்கள் பக்கமும் அந்தப் படிவம் உண்டு.

சுவிசேஷம் சொல்வது சபையின் வேலை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது ஒன்றுதான் வேலை என்பதைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சகல ஜாதிகளையும் சீஷராக்கச் சொல்கிற மத்தேயு 28:19-ஐ எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள், அடுத்த வசனம் இயேசு கட்டளையிட்டதையெல்லாம் கைக்கொள்ளும்படி கற்றுக்கொடுக்கச் சொல்கிறது, அதற்கு ஒரே ஊரில் வருஷக்கணக்கில் கூட இருந்தாக வேண்டும். அப்போஸ்தலர் 2-ல் முதல் சபை உபதேசத்திலும் ஐக்கியத்திலும் அப்பம் பிட்குவதிலும் ஜெபத்திலும் உறுதியாக இருந்தது, இருந்ததை விற்று இல்லாதவர்களுக்குக் கொடுத்தது. ஆட்களைச் சேர்த்தது கர்த்தர் என்று 47-ஆம் வசனம் சொல்கிறது.

எனக்கு இது ஏன் இவ்வளவு சுருக்கென்று படுகிறது என்றால், நான் நீலகிரியின் கேத்திப் பள்ளத்தாக்கைச் சேர்ந்தவள். இந்தியாவும் இலங்கையும் 1964-ல் போட்ட சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று, இங்கே வந்து கேத்தி பாலாடா பக்கம் கேரட் காட்டில் கூலி வேலை. 2009 நவம்பர் மழை உங்களுக்கு நினைவிருக்கலாம். கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் கொட்டியது. மாவட்டத்தில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள், ரோடு அறுந்தது, மலை ரயில் பாதையும் போனது. சரிவில் வீடு கட்டியிருந்த எங்கள் சனம்தான் அதிகம் பறிகொடுத்தது.

எங்கள் ஆலயத்து ஹாலைத் திறந்துவிட்டார்கள். பெண்கள் ஐக்கிய சங்கம்தான் சமையல், என் அம்மாவும் அதில் ஒருவர். வந்து தங்கியவர்களில் பாதிக்கு மேல் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ரோடு ஓரளவு சரியானதும் கீழே சமவெளியிலிருந்து ஒரு ஊழியக்காரர் வேனில் அரிசி, போர்வை எல்லாம் கொண்டுவந்தார், நல்ல மனசுதான், ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு கூட்டம் நடத்த வேண்டும், ஒவ்வொரு போர்வையோடும் ஒரு கைப்பிரதி போக வேண்டும், இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தவர்கள் கை தூக்குவதைப் படம் எடுக்க வேண்டும் என்றார். அம்மா முடியாது என்று சொல்லிவிட்டார். "ஐயா, இவங்க தலைக்கு மேல கூரை இல்ல. இப்ப நீங்க எதைச் சொல்லச் சொன்னாலும் சொல்லுவாங்க, அது விசுவாசம் ஆகாது" என்றார். "ஒரு ஆத்துமா அழிஞ்சுபோனா நீங்க பொறுப்பு ஏத்துக்குவீங்களாம்மா?" என்று அவர் கேட்டார். எங்கள் சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டியிலேயே இரண்டு கட்சி ஆகிவிட்டது. கடைசியில் கூட்டம் நடக்கவில்லை, போர்வை மட்டும் கொடுத்தோம்.

இதைப் படித்துவிட்டு "சமூக சேவையே போதும் என்கிறாள்" என்று எழுத வருபவர்களுக்கு: இல்லை. மீதியையும் கேளுங்கள். மறு வருஷம் கேரட் கழுவும் இடத்தில், ஹாலில் தங்கியிருந்த ஒரு அக்கா அம்மாவிடம் வந்து, "அத்தனை நாள் சோறு போட்டீங்க, உங்க சாமியப் பத்தி ஒரு வார்த்தை சொல்லலையே, ஏன்?" என்று கேட்டார். அன்றைக்கு அம்மா எல்லாவற்றையும் சொன்னார், சிலுவை, உயிர்த்தெழுதல், தன் சொந்தக் கதை, எதையும் மிச்சம் வைக்கவில்லை. விசாரித்துக் கேட்கிறவனுக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்கச் சொல்லி 1 பேதுரு 3:15 சொல்வது இதைத்தான். அந்த அக்கா இன்னும் ஞானஸ்நானம் எடுக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவார், மாரியம்மன் திருவிழாவுக்கும் போவார். அம்மா அவருக்காக இன்றும் ஜெபிக்கிறார்.

எங்கள் கேத்தியின் சரித்திரமே இதற்குச் சாட்சி. காசமேஜர் என்ற முன்னாள் நீதிபதி கூப்பிட்டு சுவிட்சர்லாந்தின் பாசல் மிஷன்காரர்கள் 1846-ல் இங்கே வந்தார்கள். இந்த மலையின் படகர் இன மக்களில் முதல் ஆள் ஞானஸ்நானம் பெற்றது 1858-ல். நடுவில் 12 வருஷம். பள்ளிக்கூடம் நடத்தினார்கள், ஊர் ஊராக நடந்தார்கள், படகர் பேசும் மொழியைக் கற்றார்கள், பிற்பாடு லூக்கா சுவிசேஷத்தை அந்த மொழியிலேயே கொண்டுவந்தார்கள். இன்றைய படிவத்தைக் கையில் கொடுத்திருந்தால் அந்த 12 வருஷமும் சைபர் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமிருந்து "அரிசி கொடுத்து மாற்றுகிற கூட்டம்" என்று திட்ட வருபவர்களுக்கும் சொல்கிறேன். என் நம்பிக்கையைச் சொல்ல அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு எனக்கு உரிமை கொடுத்திருக்கிறது. பிறரை மதம் மாற்றுவது அந்த உரிமையில் சேராது என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் சொன்னதும் எனக்குத் தெரியும். மாற்றுவது மனுஷன் வேலை இல்லை என்பதுதான் என் விசுவாசமும், அதனால் எனக்கு அதில் சிக்கல் இல்லை.

அப்புறம் ஒன்று. வாலிபர்களுக்கு இலக்கு வைக்கிறார்களே, வாலிபர்கள் எங்கே இருக்கிறார்கள்? பச்சைத் தேயிலைக்குக் கிடைக்கிற விலையில் பறிப்புக் கூலி கொடுத்து உரம் வாங்கினால் சிறு விவசாயிக்குக் கையில் ஒன்றும் நிற்பதில்லை, படித்த பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள், பாடகர் குழுவில் ஆண் குரலுக்கே ஆள் இல்லை. தேயிலை விலையைப் பற்றி ஒரு பிரசங்கம்கூட நான் கேட்டதில்லை. அறுப்பின் பண்டிகையில் ஆலயத்துக்குக் கொண்டுவரும் எங்கள் பூண்டையும் முட்டைக்கோஸையும் ஏலம் விடுவதோடு சரி.

உங்கள் போதகரோடு சண்டைக்குப் போக வேண்டாம். அப்போஸ்தலர் 2-ஐக் கடைசி வரை சேர்ந்து படிக்கலாமா என்று கேளுங்கள். கைப்பிரதி கொடுக்க மனம் வராவிட்டால் கொடுக்காதீர்கள், ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் என்றைக்காவது உங்களிடம் கேட்டால் வாயை மூடிக்கொண்டிருக்காதீர்கள். அந்தப் படிவத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் கமிட்டியில் எழுதிக் கொடுத்திருக்கிறோம், இன்னும் பதில் வரவில்லை.