தூரம் ஒன்று, நேரம் இரண்டு

கேள்வி: லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஏறத்தாழ 5,550 கிலோமீட்டர். ஆனால் லண்டனிலிருந்து போக எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழு மணி நேரம் என்கிறது விமான அட்டவணை. பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானத்தை நோக்கி நியூயார்க் நகர்ந்து வருமே. அப்படியானால் போகும் பயணம்தானே குறைய வேண்டும்?

பதில்: நல்ல கேள்வி. ஆனால் பூமியோடு வளிமண்டலமும் சேர்ந்தே சுழல்கிறது என்பதையும், விமானம் அந்தக் காற்றுக்குள்ளேதான் பறக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஓடும் ரயிலுக்குள் நடப்பவருக்கு முன்பெட்டியும் பின்பெட்டியும் ஒரே தொலைவில் இருப்பதைப் போல, சுழற்சி நேரடியாகப் பயண நேரத்தைக் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை.

வேறுபாட்டுக்குக் காரணம் ஜெட் காற்றோட்டம். வெப்பமண்டலக் காற்றுக்கும் துருவக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டால் காற்று துருவத்தை நோக்கித் தள்ளப்படுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கே திருப்பிவிடுகிறது. இந்த வகையில் சுழற்சிக்கும் மறைமுகப் பங்கு உண்டு. இக்காற்று வீசுவது பயணிகள் விமானங்கள் பறக்கும் பத்து கிலோமீட்டர் உயரத்தை ஒட்டித்தான். குளிர்காலத்தில் அதன் வேகம் மிகுதி.

காற்றைப் பொறுத்து மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம், 100 கிலோமீட்டர் வேக எதிர்காற்றில் தரையைப் பொறுத்து 800 கிலோமீட்டர் வேகத்தில்தான் முன்னேறும் என்பதால் நியூயார்க்கை அடைய 6 மணி 56 நிமிடம் ஆகும். அதே காற்று பின்னிருந்து தள்ளினால் 5 மணி 33 நிமிடம் போதும். காற்றே இல்லாவிட்டால் இரு பயணமும் சேர்ந்து 12 மணி 20 நிமிடம். காற்றோடு 12 மணி 29 நிமிடம். வரும்போது கிடைக்கும் ஆதாயம் போகும்போது நேர்ந்த இழப்பை ஈடுகட்டுவதில்லை, ஏனெனில் எதிர்காற்றில் விமானம் கூடுதல் நேரம் சிக்கியிருக்கிறது. பலரும் கவனிக்கத் தவறும் நுட்பம் இது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும் தரையிறங்கக் காத்திருப்பதும் சேர்ந்துதான் அட்டவணையின் எட்டும் ஏழும் வருகின்றன.

2020 பிப்ரவரியில் அட்லாண்டிக்கில் கடும்புயல் வீசியபோது, நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. அதன் தரைவேகம் மணிக்கு 1,300 கிலோமீட்டரைத் தாண்டியது. எனினும் காற்றைப் பொறுத்த வேகம் வழக்கமானதே என்பதால் அது ஒலியின் வேகத்தை மீறவில்லை.

அட்லாண்டிக்கைக் கடக்கும் வான்வழிகள், அன்றாடக் காற்றைக் கணித்து நாள்தோறும் புதிதாக வகுக்கப்படுகின்றன. ஆகவே நீங்கள் குறிப்பிடும் 5,550 கிலோமீட்டர் பூமிப்பரப்பின் மீதான மிகக் குறுகிய தூரமே தவிர, விமானம் உண்மையில் பறக்கும் தூரம் அன்று. மேற்கே செல்லும் விமானம் எதிர்காற்றைத் தவிர்க்க நீண்ட வழியில் சுற்றிப் போவதும், அதனால் நேரமும் எரிபொருளும் மிச்சமாவதும் உண்டு.

பயணச்சீட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள் என்பதால், மேற்கே போகும்போது நேரக் கணக்கோடு ஐந்து மணி நேரத்தைக் கூட்டியும், திரும்பும்போது கழித்தும் பாருங்கள். இரு நாடுகளும் கடிகாரத்தை வெவ்வேறு நாள்களில் மாற்றுவதால், மார்ச்சிலும் அக்டோபர் இறுதியிலும் சில நாள்களுக்கு மட்டும் அந்த வேறுபாடு நான்கு மணி நேரம்.